காபிக் கோப்பை காட்டும் வண்டி

மார்ச் 2

சூப்பர்வைசர் அம்மாவின் சமூகத்துக்கு,

வாடகை வண்டிக்காரன் எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான். நீ வெளியூர் ஆலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது பிரிட்ஜ் மட்டுமே. அதுவும் கதவைத் திறந்து வைத்தால்தான் கத்துகிறது.

நீ போட்ட சட்டப்படி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற பெண்டாட்டிகள் எல்லாம் "போன் பண்ணுங்க, போன் பண்ணுங்க" என்று அழுவார்கள். எனக்கு வாய்த்தவள் ஒருத்திதான் "போன் பண்ணினா தொலைச்சுப்புடுவேன்" என்கிறாள். அன்றைக்கு வளைவில் திரும்பும்போது உன் போனை எடுத்தது தப்புதான். எதிரே வந்த லாரிக்காரன் அடித்த ஹாரன் உன் காதுவரை வரும் என்று நான் கண்டேனா? "இனிமே போனே கிடையாது. கடுதாசி எழுதுங்க. எழுதணும்னா வண்டியை நிறுத்தித்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டாய். நான் பள்ளிக்கூடத்தில் எழுதியதைவிட உனக்கு எழுதியது அதிகமாகிவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் உன் தையல் ஊசியாலேயே குத்தித் திருத்திக்கொள்.

செய்தி என்னவென்றால், புது வண்டி வந்துவிட்டது. பழைய வண்டியை நான் ஓட்டினேன். இது என்னை ஓட்டுகிறது. சாவித் துளையே கிடையாது, பொத்தானை அமுக்கினால் உயிர் வருகிறது. பெல்ட் போடாவிட்டால் அலறுகிறது. பின்னால் எடுத்தால் கூவுகிறது. கோட்டைத் தாண்டினால் ஸ்டீரிங் கையில் நடுங்குகிறது. முன்னால் போகிறவனை ஒட்டிப் போனால் என்னைக் கேட்காமல் தானே பிரேக் போடுகிறது. இதெல்லாம் போதாதென்று, ஸ்டீரிங்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கண். அது ரோட்டைப் பார்ப்பதில்லை, என் முகத்தையே பார்க்கிறது. நான் கண் அசந்தேன் என்று அதற்குத் தோன்றினால் திரையில் ஒரு காபிக் கோப்பைப் படம் போட்டு, "உங்களுக்கு ஓய்வு தேவை" என்று ஒரு பெண்குரலில் சொல்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நீ ஒரு நாளாவது என் முகத்தை இப்படிப் பார்த்திருப்பாயா?

அதனால் அவளுக்குச் சின்னவள் என்று பேர் வைத்திருக்கிறேன். கோபப்படாதே. என்றைக்கும் நீதான் பெரியவள்.

சம்பளமில்லாத டிரைவர்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

குறட்டை மன்னர் அவர்களுக்கு,

மூத்தாள் எழுதிக்கொண்டது. நலம். உங்கள் சின்னவளைப் பற்றிப் படித்து நானும் என் அறைக்காரியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உங்களை அதட்ட ஒருத்தி வந்துவிட்டாள் என்றதும் எனக்குப் பாதிக் கவலை விட்டது. அவள் சொல்கிறபடி கேளுங்கள்.

இங்கே புதுத் தையல் ஆலையில் எனக்கு ஒரு வரிசை மெஷின் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கான சட்டைதான் தைக்கிறோம். வந்திருப்பவர்கள் எல்லாம் புதுப் பெண்கள். நேற்று ஒருத்தி ஒரு கட்டுச் சட்டைக்குப் பாக்கெட் வாயையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறாள். கேட்டால், "உள்ளே வச்சது கீழே விழாது மேடம்" என்கிறாள். உள்ளே எப்படி வைப்பாளாம்? உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் நல்லவர். "செப்டம்பர் வரைக்கும் இவங்களைப் பழக்கிட்டீங்கன்னா, அங்கே நம்ம பழைய ஆலைக்குத் திரும்பும்போது முழு மாடியும் உங்க பொறுப்புதான்" என்றார். மெஷினில் குனிந்தே பாதி வயதைக் கழித்தவளுக்கு, நிமிர்ந்து நடக்கிற வேலை. கையில் ஊசி இல்லாமல் நடக்கத்தான் இன்னும் பழகவில்லை.

விடுதி அறை சின்னது. இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டால்தான் கதவு திறக்கும். கூட இருப்பவள் காஜா மெஷின்காரி, சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிறவள். எல்லாரும் காஜா என்றே கூப்பிடுகிறோம். முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. உங்கள் குறட்டை இல்லாமல் அறை ஏதோ கரண்டு போன மாதிரி இருந்தது.

முட்டையாவது அவித்துச் சாப்பிடுங்கள். ரொட்டியும் காபியுமாக நாளை ஓட்டாதீர்கள்.

மூத்தாள்


மார்ச் 23

முழு மாடிக்கும் வருங்கால மகாராணிக்கு,

பாக்கெட் வாயைத் தைத்து மூடிய அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் எனக்கு உறவாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே சின்னவள் குணத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். முதலில் அவள் மேல் தப்பில்லாத விஷயம். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. ஒரு கல் தெறித்து முன் கண்ணாடியில் அடித்தது. சிலந்தி வலை மாதிரி விரிசல். கண்ணாடிக் கடைக்காரர் மத்தியானத்துக்குள் புதுசு மாட்டிக் கொடுத்துவிட்டார். பளபளவென்று இருக்கிறது, என் மூஞ்சியைத் தவிர எல்லாம் அழகாகத் தெரிகிறது.

அதற்கப்புறம் பார். பாலத்துக்கடியில் போகும்போது நடு ரோட்டில், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை, பட்டென்று தானே பிரேக் போட்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்த லாரிக்காரன் எங்கள் மேல் ஏறாமல் ஒடித்துப் போனது என் பெண்டாட்டி செய்த புண்ணியம். போகிற போக்கில் அவன் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான். பின் சீட்டில் நம் வாடிக்கை பல் டாக்டரம்மா. கையில் இருந்த காபி முழுக்க மடியில்.

"என் நாற்காலியில உக்காருறவங்ககூட இப்படி அலற மாட்டாங்க. என்னையே அலற வச்சிட்டீங்களே" என்றார்.

"நான் வைக்கலம்மா, இவ வச்சா" என்று திரையைக் காட்டினேன்.

"எவ?"

"வண்டிம்மா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். டை கட்டிய தம்பி ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல எந்தக் கோளாறும் காட்டல சார். வண்டி நல்லா இருக்கு" என்றார். "கம்ப்யூட்டருக்குத் தெரியாதுப்பா, அது வண்டியில உக்காரல. டாக்டரம்மாதான் உக்காந்தாங்க" என்றேன். சிரித்து அனுப்பிவிட்டார். அப்புறமும் மூன்று நான்கு தரம் நின்றுவிட்டாள். பெரிய விளம்பரப் பலகையின் நிழல் ரோட்டில் விழுந்தால் போதும், சுவரைக் கண்ட மாதிரி பதறுகிறாள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தக் காபிக் கோப்பை. மத்தியானம் சவாரி எடுத்தால் கோப்பைதான். "உங்களுக்கு ஓய்வு தேவை, உங்களுக்கு ஓய்வு தேவை." கண்ணை முழித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன், சத்தியமாக. பொய்க்காரி. இல்லாத சுவரைப் பார்க்கிறவள் இல்லாத தூக்கத்தையும் பார்க்க மாட்டாளா? ஸ்டாண்டில் என் பேரே காபி ஆகிவிட்டது. மீசை இருக்கிறானே, மீசையே முளைக்காத அந்த மீசை, நான் வரும்போதெல்லாம் ஒரு வெறும் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறான்.

பயந்து போகாதே. இதெல்லாம் சிரிக்கத்தான் எழுதினேன்.

உன் காபி


மார்ச் 30

என்னவருக்கு,

நீங்கள் சிரிக்க எழுதினீர்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரி ஒடித்துப் போனது என்ற இடத்திலேயே கடிதத்தை மடித்துவிட்டேன். சாயங்காலம்தான் மீதியைப் படித்தேன்.

வண்டி நன்றாக இருக்கிறது என்று அந்தத் தம்பி சொன்னால் போதுமா? திரும்பப் போங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எங்கே நின்றது, வெயிலா நிழலா, எந்த வேகத்தில் போனீர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று: கண்ணாடி மாற்றியதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். தெருக்கடையில் மாற்றினேன் என்றால் திட்டுவார் என்று வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? எங்கள் வரிசையில் ஒருத்தி சட்டையின் முன்பக்கத்தை மாற்றினால், பொத்தானும் துளையும் நேராக இருக்கிறதா என்று மறுபடி பார்க்காமல் நான் விடமாட்டேன். கண்ணாடிக்குப் பிறகுதான் இது வந்தது என்றால் கண்ணாடியில்தான் ஏதோ இருக்கிறது. அதுவரை டாக்டரம்மாவையும் வேறு யாரையும் ஏற்றாதீர்கள்.

இங்கே எனக்கு ஒரு மானக்கேடு. காஜா நேற்றுக் காலையில் காலைத் தடவிக்கொண்டே வந்து நின்றாள். "அக்கா, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றாள். நான் தினமும் தூக்கத்தில் அவளை உதைக்கிறேனாம். ஒரு உதை இரண்டு உதை இல்லையாம். "வாரத்துல ரெண்டு நாளாவது லீவு விடுங்கக்கா. முட்டி நீலமாயிடுச்சு" என்கிறாள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் உங்களை உதைத்த கால், இடம் மாறியது தெரியாமல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு தலையணையை நடுவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேச்சை மாற்றிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சர்வீஸ் சென்டர். எழுத்தில்.

உதைக்காரி


ஏப்ரல் 8

உதைத் திலகத்துக்கு,

காஜாவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். அந்தப் பிள்ளை ஒரு மாதம் வாங்கியதை நான் எத்தனை காலமாக வாங்கியிருக்கிறேன் என்று சொல். எனக்கு யாரும் தலையணை கொடுத்ததில்லை. குறட்டை விட்டதற்கு இவ்வளவு கடுமையான தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. இப்போது கட்டில் முழுக்க என்னுடையது. குறுக்கே படுக்கிறேன், நெடுக்கே படுக்கிறேன், கேட்க நாதியில்லை.

நல்ல செய்தி. தொல்லை தீர்ந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போகவில்லை, அங்கே இரண்டு நாள் வண்டியைக் கேட்கிறார்கள். ஸ்டாண்டுக்கு வருகிற ஒயர்க்காரர் திரையில் எங்கெங்கோ உள்ளே போய், தானே பிரேக் போடுகிறதை அணைத்தார். ஸ்டீரிங் நடுங்குகிறதையும் அணைத்தார். "எல்லாம் வேண்டாத வேலை அண்ணே, நம்ம காலும் கையும் எதுக்கு இருக்கு?" என்றார். சரியான பேச்சு. அந்தப் பட்டாணிக் கண்ணை மட்டும் அவரால் அணைக்க முடியவில்லை. நான் விடுவேனா? உன் தையல் டப்பாவில் கறுப்பு நாடா இருந்தது. ஒரு துண்டு வெட்டிக் கண்ணைக் கட்டிவிட்டேன். இப்போது சின்னவள் குருடி, ஊமை. வண்டிக்குள் அப்படி ஒரு அமைதி. டாக்டரம்மாகூட நேற்று தைரியமாகக் காபியோடு ஏறினார்.

மற்றபடி விசேஷம் இல்லை. கீழ் வீட்டு வாத்தியார் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிக்கிறார், என் குறட்டை அவர் வீட்டுக்கு இறங்குகிறதாம். நீ இருந்தவரை இறங்கியதில்லை என்று புகார் சொல்கிறார். பார், உன்னை அவரும் தேடுகிறார். காலையில் எழுந்தால் தலை கனமாக இருக்கிறது, வாய் அட்டை மாதிரி காய்ந்து கிடக்கிறது. வெயில் காலம் அல்லவா. போன வாரம் ஒரு வேடிக்கை. ஒருவரை விமான நிலையத்துக்கு ஏற்றினேன். திரும்ப வேண்டிய இடம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. "டிரைவர், நாம பறந்தே போறோமா?" என்றார் அவர். ஏதோ யோசனை. அவரை விமானம் ஏற்றிவிட்டேன், கவலைப்படாதே.

நீ பெரிய மாடிக்காரியாகத் திரும்பி வரும்போது நானே வந்து ஏற்றிக்கொண்டு வருவேன். முன் சீட்டு உனக்கு.

உன் காபி (இப்போது கோப்பை இல்லாத காபி)


ஏப்ரல் 14

என்னங்க,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். சிரிக்காமல் படியுங்கள். பாதியில் சிரிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தைக் காஜாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குறட்டைக்குத் தண்டனை என்ற இடம் வந்ததும் அவள் கேட்டாள், "மாமா குறட்டை விட்டா உதைப்பீங்க, சரி. நான் குறட்டையே விடுறதில்லையே. என்னை எதுக்குக்கா உதைக்கிறீங்க?"

எனக்குப் பதில் அப்போதுதான் தெரிந்தது. அவளை எதற்கு உதைக்கிறேன் என்றால், அவள் சத்தமே இல்லாமல் தூங்குகிறாள்.

என்னங்க, நான் ஒரு நாளும் உங்கள் குறட்டைக்காக உதைத்ததில்லை. நீங்கள் குறட்டை விடும்வரை நான் நிம்மதியாகத் தூங்குவேன். அது திடீரென்று நிற்கும் பாருங்கள், அப்போதுதான் உதைப்பேன். குறட்டை மட்டுமா நிற்கும், மூச்சும் நிற்கும். மார்பு அசையாது. என் கால் பட்டதும் ஒரு பெரிய மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பீர்கள், மறுபடி ஓடும். காலையில் "ராத்திரி குதிரை உதைச்சுது" என்று கேலி செய்வீர்கள். நானும் சிரித்துவிடுவேன். சொன்னால் பயத்தில் தூங்க மாட்டீர்கள் என்று இருந்துவிட்டேன். நான்தான் பக்கத்தில் இருக்கிறேனே என்றும் இருந்துவிட்டேன்.

இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. கட்டிலில் குறுக்கே படுக்கிறேன், நெடுக்கே படுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் படுத்தாலும் நீங்கள் தூங்கவில்லை. தலை கனமும் வாய் காய்வதும் வெயிலால் இல்லை. விமான நிலையத்துத் திருப்பம் போனது யோசனையால் இல்லை.

சின்னவள் இரண்டு விஷயம் சொன்னாள். ரோட்டில் சுவர் இருக்கிறது என்றாள். அது பொய். உங்களுக்குத் தூக்கம் வருகிறது என்றாள். அது பொய்யில்லை. ஒன்றில் பொய் சொன்னவள் இன்னொன்றிலும் பொய்தான் சொல்வாள் என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டீர்கள். நான் ராத்திரியில் செய்ததை அவள் பகலில் செய்கிறாள். அவளுக்குக் கால் இல்லை, அதனால் கோப்பை காட்டுகிறாள். அவள் கண்ணை என் நாடாவாலேயே கட்டியிருக்கிறீர்கள்.

முதலில் அந்த நாடாவைப் பிய்த்து எடுங்கள். சவாரி எடுக்காதீர்கள். நான் சொல்வதை நம்பாவிட்டால் மீசையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வண்டி இல்லாத ரோடாகப் பார்த்து ஒரு தடவை ஓட்டுங்கள். கோப்பை வரும்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அவன் சொல்லட்டும். என் வார்த்தைக்கு மதிப்பில்லை, சின்னவள் வார்த்தைக்கும் மதிப்பில்லை. மீசை வார்த்தையையாவது கேளுங்கள்.

சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் மேனேஜரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். மாடியும் வேண்டாம், படியும் வேண்டாம்.

உங்களவள்


ஏப்ரல் 20

என்னங்க,

சனிக்கிழமை போய்விட்டது. தபால்காரர் காஜாவுக்கு இரண்டு கடிதம் கொடுத்தார், எனக்கு ஒன்றும் இல்லை.

என் சட்டத்தை நானே மீறிவிட்டேன். நேற்று மத்தியானம் விடுதிப் போனில் உங்களைக் கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாவது அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். ஓட்டிக்கொண்டிருந்து, ஒரு கையை எடுத்துவிட்டால்? சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காஜா, "பேசுறதுக்குத்தானக்கா போன் பண்றது?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை. பையில் துணியை எடுத்து வைத்துவிட்டேன். வியாழக்கிழமை பஸ்.

அதற்குள் ஒரு வரி எழுதுங்கள். கேலி செய்தாவது எழுதுங்கள்.


ஏப்ரல் 20

என் பெரியவளுக்கு,

பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வை. நீ கட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பதில் தாமதமானதற்குத் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. வழக்கமான தபால் உன்னை ஆற அமரத்தான் தேடி வரும் என்று, இதை உங்கள் ஊருக்குப் போகிற பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை உன் கையில் இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மூச்சைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதை நான்தானே விடுகிறேன்? உன்னையும் சின்னவளையும் சேர்த்துப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்றுதான் கிளம்பினேன். நாடாவைப் பிய்த்தேன். மீசையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தேன். "டேய், நீ சாட்சி. கோப்பை வரட்டும், நான் எப்படி முழிச்சிட்டு இருந்தேன்னு என் வீட்டுக்காரிக்கு நீயே எழுதிப் போடணும்" என்றேன். "எனக்கு எழுத வராதுண்ணே, டம்ளர்தான் காட்ட வரும்" என்றான்.

கிடங்குகள் இருக்கிற ரோடு தெரியுமல்லவா, மத்தியானத்தில் நாய்கூட வராது. அங்கே மெதுவாக ஓட்டினேன். பழைய வண்டி மழையில் நின்று போய், நீயும் நானும் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தோமே, அந்தக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், சின்னவள் "உங்களுக்கு ஓய்வு தேவை" என்றாள்.

"பாத்தியாடா! பேசிட்டு இருக்கிறவனைப் பாத்துத் தூங்குறான்னு சொல்றா. பொய்க்காரின்னு சொன்னேனா இல்லையா?"

மீசை சிரிக்கவில்லை.

"அண்ணே, கதையை எங்க விட்டீங்க?" என்றான்.

"எங்கேயும் விடலையே. அவ செருப்பு தண்ணில போச்சுன்னு..."

"அது சொல்லி ரொம்ப நேரமாச்சுண்ணே. கீழ பாருங்க."

பார்த்தேன். ஸ்டீரிங்கின் மேல் மூன்று கை இருந்தது. என்னுடையது இரண்டு. மூன்றாவது அவனுடையது, இறுக்கிப் பிடித்திருந்தான், விரல் வெளுத்திருந்தது. அந்தக் கை எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. உன் செருப்பு தண்ணீரில் போவதற்கும் அவன் கை வந்ததற்கும் நடுவில் நான் எங்கேயோ போயிருக்கிறேன்.

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். பின் சீட்டில் டாக்டரம்மா இருந்திருந்தால் என்று நினைத்தேன். அவர் காபி நினைவுக்கு வந்தது. மீசை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்புறம் மெதுவாக, "அண்ணே, நான் ஓட்டட்டுமா?" என்றான். கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் அன்றே போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர்தான் தூக்கத்துக்கென்று இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே போனதும் வந்ததுமாகத்தான் இத்தனை நாள் எழுத முடியவில்லை. எழுதவும் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலையெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். சின்னவளுக்குக்கூட இத்தனை ஒயர் இருக்காது. காலையில் அங்கிருந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்க மூச்சு நிக்குது. வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்றார். "கவனிச்சா டாக்டர். உதைச்சா" என்றேன். எத்தனை தடவை நிற்கிறது என்று ஒரு எண் சொன்னார். அதை உனக்கு எழுதப் போவதில்லை. உன் காலுக்கு அது தெரியும்.

இப்போது மூக்கில் மாட்டுகிற ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், யானைக்குப் பிறந்தவன் மாதிரி இருந்தேன். வண்டியில் இருக்கிற மெஷினை நம்ப மாட்டேன் என்றவனுக்கு மூஞ்சியிலேயே மெஷினைக் கட்டிவிட்டார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், முதல் நாள் காலையில் எழுந்தபோது தலை இருப்பதே தெரியவில்லை. இப்படி எழுந்து எத்தனை காலமானது! கீழ் வீட்டு வாத்தியார் படியேறி வந்து கதவைத் தட்டினார். சத்தமே இல்லையே, நல்லாத்தான் இருக்கிறீர்களா என்று பார்க்க வந்தாராம்.

நீ சொன்னது இன்னொன்றும் சரி. மீசையே வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு வந்தான், நான் எழுதிக் கொடுத்தேன், கண்ணாடி மாற்றியதையும் சொன்னேன். டை கட்டிய தம்பி கையைத் தலையில் வைத்துக்கொண்டார். முன் கண்ணாடியில்தான் ரோட்டைப் பார்க்கிற கேமரா ஒட்டியிருக்கிறதாம். கண்ணாடியைக் கழற்றி மாட்டினால் அதன் பார்வையை மறுபடி நேர் செய்ய வேண்டுமாம். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் நிழல் சுவராகத் தெரியுமாம். "யாரும் சொல்லலையா சார்?" என்றார். யார் சொல்வார்கள்? பெல்ட்டுக்கு அலறுகிறாள், கதவுக்கு அலறுகிறாள், 'எனக்குப் பார்வை சரியில்லை' என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளாம். அதற்கும் ஒரு படம் போட்டிருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருப்பேனா? அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டி செய்கிற தலைமை ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்றார். கையெழுத்து வாங்கிவிட்டேன், உன் உத்தரவுப்படி.

கேமராவை நேர் செய்து, ஒயர்க்காரர் அணைத்ததையெல்லாம் மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சின்னவள் பாலத்துக்கடியில் பதறுவதில்லை. மீசைதான் ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு தடவைகூடக் கோப்பை காட்டவில்லை, அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். மெஷினோடு ஒரு மாதம் தூங்கிவிட்டு வாருங்கள், அப்புறம் ஓட்டலாமா என்று பார்க்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். ஓட்டலாம் என்றால்தான் ஓட்டுவேன். உன் மேல் சத்தியம். சின்னவள் மேலும் சத்தியம், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் நீ வராதே. செப்டம்பரில் வந்தால் போதும். அந்தப் பெண்கள் பாக்கெட்டைத் திறந்து தைக்கப் பழகட்டும். நீ நிமிர்ந்து நடந்து வருகிறதைப் பார்க்க வேண்டும், எனக்காகக் குனிந்து ஓடி வருகிறதை இல்லை. நீ வருகிற அன்றைக்கு நான் ஓட்டினாலும் மீசை ஓட்டினாலும் முன் சீட்டு உனக்குத்தான். மெஷினைச் சுவர்ப் பக்கமாக வைத்திருக்கிறேன், உன் கால் எட்டாத இடத்தில். அதன் குழாயை உதைத்துப் பிடுங்கிவிட்டால் அப்புறம் நான் யாரிடம் போய் முறையிடுவது? மற்றபடி உன் பக்கம் காலியாகவே இருக்கிறது. குறுக்கே படுப்பதை விட்டுவிட்டேன். காஜாவின் முட்டிக்கு ஏதாவது தைலம் வாங்கிக் கொடு. நான் வாங்க வேண்டியதை அவள் வாங்கியிருக்கிறாள்.

இந்தக் கடிதம் எழுத வண்டியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று மத்தியானம் போன் இரண்டு முறை அடித்து நின்றது. சாயங்காலமும் அப்படித்தான். உங்கள் ஊர் எண். யாரென்று எனக்குத் தெரியாதா?

நாளைக்குக் கூப்பிடு. மூன்றாவது மணி அடிக்க விடு. நான் எதையும் ஓட்டவில்லை, இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன.

உன்
குறட்டை